அஞ்சலை செய்த போர்க்களங்கள்

மேல் வீட்டில் சமையலறைக்குக் கருங்கல் பலகை போடுகிறார்கள். மூன்று நாளாகக் காலை ஒன்பது மணிக்கு மெஷின் கிளம்பிவிடுகிறது. செங்கல்பட்டில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போன விஷயம்தான். யாராவது ஒருவர் எப்போதும் எதையாவது உடைத்துக்கொண்டே இருப்பார்கள். சத்தம் என்னைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. நேற்று பால்கனியில் காயப்போட்ட துணியை எடுக்கப் போனபோது என் கறுப்புச் சுடிதாரின்மேல் சாம்பல் நிறத்தில் மெல்லிய தூள் படிந்திருந்தது. விரலால் தொட்டேன், ஒட்டிக்கொண்டது. சுட்ட கல்லின் அந்த வாசனை. உள்ளே வந்து எல்லா ஜன்னல்களையும் அடைத்தேன். என் கணவர் வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்துகொண்டு, "கொஞ்சம் தூசிக்கு இந்த ஆர்ப்பாட்டமா?" என்றார். நான் மாடிக்குப் போய் வேலையாட்களிடம் முகத்தில் துணி கட்டிக்கொள்ளச் சொன்னேன். "சரிக்கா" என்று சிரித்தார்கள். கட்டிக்கொள்ளவில்லை.

என் முதல் வேலையின் வாசனை அது. திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையில் பஸ்ஸைவிட்டு இறங்கி, சவுக்குத் தோப்பு ஓரமாகப் பத்து நிமிடம் நடந்தால் ஒரு நீளமான ஷெட் வரும். முன்பு கோழிப்பண்ணையாக இருந்த இடம். மழைக்காலத்தில் சுவரிலிருந்து பழைய குடித்தனக்காரர்களின் வாடை கிளம்பும். அங்கேதான் நாங்கள் வெளிநாட்டுக்குப் போர்க்களங்கள் செய்து அனுப்பிக்கொண்டிருந்தோம்.

சிரிக்காதீர்கள். குளிர் தேசங்களில் வயதுவந்த ஆண்கள் சிலர் கட்டைவிரல் உயரச் சிப்பாய்களை வாங்கி, வர்ணம் தீட்டி, மேஜைமேல் அணிவகுத்து நிறுத்தி, பகடை உருட்டிச் சண்டை போடுகிறார்கள். சிப்பாய்கள் வெறும் மேஜையில் நின்றால் நன்றாகவா இருக்கும்? ஏறுவதற்குக் குன்று வேண்டும், ஒளிவதற்கு வேலி வேண்டும், குண்டு விழுந்து பாதி இடிந்த வீடு வேண்டும், வண்டி மாட்டிக்கொள்ளச் சேறு வேண்டும். இதையெல்லாம் இரண்டடிச் சதுரப் பலகைகளில் செய்வோம். பலகைகளை ஒன்றோடு ஒன்று சேர்த்து வைத்தால் சாலை சாலையோடும் ஆறு ஆறோடும் பிசிறில்லாமல் பொருந்தும். என் அம்மா ஆரம்பப் பள்ளி டீச்சர். மகள் கோழிப்பண்ணையில் பொம்மை ஊர் செய்கிறாள் என்று சொல்ல அவளுக்குக் கூச்சம். கேட்டவர்களிடமெல்லாம் "எக்ஸ்போர்ட் கம்பெனி" என்று முடித்துக்கொண்டாள்.

என் வேலை மெயில் எழுதுவது, ஆர்டரைப் படித்துச் சொல்வது, மீதி நேரத்தில் புல் ஒட்டுவது. முதலாளி முரளி சார் சென்னைக்காரர். ஓவியம் படித்தவர். அதிர்ந்து பேசமாட்டார். தபால் வழியில் ஆங்கில இலக்கியம் படித்தவள் என்பதற்காக என்னை எடுத்துக்கொண்டார். வெளிநாட்டுக்காரருக்கு நான் எழுதிய முதல் மெயில், காய்ச்சலுக்கு ஒருநாள் லீவு கேட்பதுபோல் இருந்ததாம். சார் அதைத் திருத்தாமலே அனுப்பிவிட்டார். அந்த ஆள், உங்கள் அலுவலகத்தில் எல்லோரும் இவ்வளவு மரியாதையானவர்களா என்று பதில் போட்டார்.

பொருட்கள் எல்லாம் அக்கம்பக்கத்தில் கிடைப்பவைதான். கெட்டி ஃபோமைச் சூடான கம்பியால் அறுத்தால் குன்று. டீக்கடையில் வீசும் டீத்தூளைக் காயவைத்துத் தூவினால் காட்டுத் தரை. சாயம் போட்ட மரத்தூள் புல். சவுக்குக் குச்சியில் பஞ்சு சுற்றினால் மரம். சாலைக்கும் சுவருக்கும் பாறைக்கும் மட்டும் கல்மாவு. மாமல்லபுரத்தில் சிலைக்காகக் கல் அறுக்கும்போது விழுகிற தூளை வாரம் ஒருமுறை சாக்குச் சாக்காகக் கொண்டுவந்து இறக்குவார்கள். கல்லைப்போல் தெரிய வேண்டுமென்றால் கல்லையே பூச வேண்டும் என்பது சாரின் கொள்கை. வாங்குகிறவர்கள் அதற்காகவே எங்களிடம் வந்தார்கள்.

அந்தத் தூளை மூன்று தரமாகச் சலிக்க வேண்டும். கடைசித் தரத்துக்குப் பழைய நைலக்ஸ் புடவைத் துணி. பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டுதான் சலிக்க முடியும். கடற்காற்று ஒரு வீச்சு வந்தால் பாதி மாவு பறந்துவிடும். விசிறியும் போடக்கூடாது. அங்கே உட்கார்ந்து சலித்தவள் அஞ்சலை.

அஞ்சலைக்கு அப்போது வயது முப்பதைத் தொடவில்லை. பாலாற்றுப் பக்கம் ஒரு கிராமம். கணவர் தணிகாசலம் செங்கல்பட்டு ரூட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டினார். மகள் கவிதா நான்காம் வகுப்பு. நான் சேருவதற்கு இரண்டு வருடம் முன்பே அஞ்சலை வந்துவிட்டாள். சலிப்பது காலை வேலை. மதியத்துக்குமேல் வெளியே வந்து வர்ணம் அடிப்பாள். பின்னறையிலிருந்து வரும்போது தலைமுடி, புருவம், கண் இமை எல்லாம் வெளுத்திருக்கும். "டீச்சர் பொண்ணே, பாரு, ஒரே காலைல கெய்வியாயிட்டேன்" என்று இடுப்பில் கைவைத்துக் கூன் போட்டு நடந்து காட்டுவாள். எனக்குச் சிரிப்பு அடங்காது. அவள் முந்தானையை உதறும்போது வாசல் வெளிச்சத்தில் தூள் புகைபோல் எழும். வெயில் அதில் பட்டு அழகாகக்கூட இருக்கும். நான் அதை நின்று ரசித்திருக்கிறேன்.

என்னை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எப்போதும் டீச்சர் பொண்ணுதான். நான் அவளை அஞ்சலக்கா என்பேன். மதியச் சாப்பாட்டில் என் டப்பாவிலிருக்கும் தயிர் சாதத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள். "இத்த துன்னுட்டு எப்டிடி உசுரோட கீற?" என்று தன் கருவாட்டுக் குழம்பை என் பக்கம் தள்ளுவாள். எங்கள் வீட்டில் கருவாடு ஆகாது. வீட்டுக்குப் போகும்முன் பஸ் ஸ்டாண்டில் கொய்யாப்பழம் வாங்கித் தின்று வாயைச் சுத்தப்படுத்திக்கொண்டேன் என்றால் கதை உங்களுக்குப் புரிந்துவிடும்.

பிழைப்புக்காக வந்தவள்தான், ஆனால் சேறு செய்வதில் அவளைப்போல் ஒருவரை நான் பார்த்ததில்லை. மாடு நடந்த சேறு, டிராக்டர் புரட்டிய சேறு, மழை விட்டு இரண்டாம் நாள் ஓரம் வெடிக்கிற சேறு என்று தனித்தனியாகச் செய்வாள். கல்மாவு, பசை, பழுப்பு வர்ணம் மூன்றையும் குழைத்துக் கட்டைவிரலால் இழுப்பாள். ஒருமுறை வாங்குகிறவர், 'உலகத்திலேயே சிறந்த சேறு உங்களுடையது' என்று எழுதியிருந்தார். நான் ஓடிப்போய்ப் படித்துக் காட்டினேன்.

"எங்கப்பன் ஆயுசு பூரா சேத்துலதான் கெடந்தாரு. ஒருத்தனும் நல்ல சேறுன்னு சொல்லல" என்றாள். பிறகு, "ஆமா, இத்த வச்சிகினு கெய்வனுங்களா வெளாட்றானுங்க?" என்று நூறாவது தடவையாகக் கேட்டாள்.

"ஆமாக்கா. நிஜமா."

"வூட்டுல பொண்டாட்டி ஒண்ணும் சொல்ல மாட்டாளா?"

நான் சேர்ந்து இரண்டு வருடம் கழித்து அவள் இருமல் எங்களுக்குப் பழகிவிட்டிருந்தது. வறட்டு இருமல். தூசிக்கு யார்தான் இருமவில்லை என்று விட்டுவிட்டோம். நானும் தினமும் தும்மினேன். அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டிலிருந்து ஒரு கேள்வித்தாள் வந்தது. பெரிய ஆர்டர் கொடுப்பதற்குமுன் தொழிலாளர்களை எப்படி வைத்திருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். கழிப்பறை உண்டா, குடிநீர் உண்டா, பதினெட்டு வயதுக்குக் கீழே யாராவது வேலை செய்கிறார்களா. நடுவில் ஒரு கேள்வி: தூசி வெளியேற ஏற்பாடும் முகக் கவசமும் உண்டா?

அதை மட்டும் சாரிடம் கேட்டேன். அவர் ஒரு பலகையில் பாசி பிடித்த கூரைக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தார். "வாங்கிடலாம்மா. ஆமான்னு போடு" என்றார். தூரிகையைப் பலகையிலிருந்து எடுக்கவே இல்லை.

ஆமாம் என்று போட்டேன். ஏதோ மனசுக்குள் உறுத்தியது என்று இப்போது எழுதினால் அழகாக இருக்கும். அப்படி ஒன்றும் இல்லை. ஆங்கிலத்தில் பிழை இருக்கிறதா என்றுதான் இரண்டுமுறை படித்துப் பார்த்தேன்.

புகைப்படம் ஒன்றும் கேட்டிருந்தார்கள். சார் மருந்துக் கடையில் ஒரே ஒரு முகக் கவசம் வாங்கிவந்தார். அஞ்சலையைப் பின்னறை வாசலில் சல்லடையோடு உட்காரவைத்தார்.

"மூச்சு முட்டுது சார்."

"ஒரு நிமிஷம்மா. போட்டோவுக்குத்தான்."

படம் எடுத்ததும் அவள் அதைக் கழற்றி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கவிதா பள்ளி ஆண்டுவிழாவில் டாக்டர் வேஷம் போடுகிறாளாம். "நல்லதாப் போச்சு" என்றாள். அதற்குப்பின் முகக் கவசம் எதுவும் வாங்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

ஆர்டர் கிடைத்துவிட்டது. கடலோரக் கோட்டை ஒன்று, பதினாறு பலகைகள். சுவர், பாறை, படிக்கட்டு என்று எங்கும் கல். நனைந்த பாறை எந்த நிறத்தில் இருக்கும் என்று பார்ப்பதற்காக சார் எங்களை வேனில் மாமல்லபுரம் கடற்கரைக்கு அழைத்துப் போனார். அவ்வளவு பக்கத்தில் இருந்தும் அஞ்சலை அங்கே போய் வருடக்கணக்கில் ஆகியிருந்தது. அலை வந்து பாறையில் மோதி வடிவதை வாய் திறந்து பார்த்தாள். "கீழ கறுப்பு, மேல போவப் போவ வெளுப்பு. நடுவுல ஒரு பச்சை கீது பாத்தியா?" என்றாள். அந்தப் பச்சை எனக்குத் தெரியவில்லை. பலகையில் அவள் அதை வைத்தபிறகுதான் தெரிந்தது. பிறகு எல்லோரும் குன்றின்மேல் ஏறினோம். அவள் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு கை மார்பில், ஒரு கை பாறையில். "நீ போ. நான் இங்கியே குந்திகினு கீறேன்" என்றாள். நான் மேலே போனேன். கலங்கரை விளக்கம், கடல், காற்று. இருபத்தைந்து வயதில் இதைவிட வேறென்ன வேண்டும்? கீழே பார்த்துக் கையசைத்தேன். அவளும் அசைத்தாள்.

கோட்டை முடிவதற்குள் அவள் பாதியாகிவிட்டாள். முதலில் பார்த்த டாக்டர் காசநோய் என்றார். ஆறு மாதம் மாத்திரை. மாத்திரை தின்றுகொண்டே சலித்தாள். சரியாகவில்லை, இன்னொரு டாக்டர், மறுபடியும் மாத்திரை. மூன்றாவதாகப் பார்த்தவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "கல் உடைக்கிற வேலையாம்மா?" என்று கேட்டிருக்கிறார்.

"இல்ல சார், பொம்மை வேல. புல்லு ஒட்றது, சாயம் அடிக்கிறது" என்று சொல்லியிருக்கிறாள்.

இதை அவளே என்னிடம் சொன்னாள். அதற்குள் வேலையை விட்டு நின்றிருந்தாள். நான் ரொட்டியும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு வரவில்லை. "அவுரு கேட்டப்ப எனக்கே தோணல டீச்சர் பொண்ணே. கல்லுன்னா சுத்தி, உளின்னுதான நெனப்பு வரும்? நாம்ப மாவுதான சலிச்சோம்" என்றாள். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது தணிகாசலம்தான் டாக்டரிடம் கல்மாவைப் பற்றிச் சொன்னாராம். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். நெஞ்சுக்குள் போன கல்லை வெளியே எடுக்க மருந்து கிடையாது. வேலையால் வந்த நோய் என்று கம்பெனியில் ஒரு கடிதம் வாங்கிவந்தால் ஏதாவது உதவிக்கு எழுதிப்போடலாம் என்றாராம்.

தணிகாசலம் ஷெட்டுக்கு வந்தார். காக்கிச் சட்டையோடு, வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். சார் அவரை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரவைத்தார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். கண் கலங்கக்கூடச் செய்தார்; அது நடிப்பு என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. பிறகு என் மேஜைக்கு வந்து குனிந்து, "ஆறு வருஷம் பெயின்டிங், பேஸ்டிங் வேலைன்னு டைப் பண்ணும்மா. கல்லுன்னு வேணாம். அந்தக் கேள்வித்தாள்ல நீதானே ஆமான்னு போட்டிருக்கே? நாளைக்கு உனக்கும்தான் கேள்வி வரும்" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. மெதுவாக, என்மேல் அக்கறையோடு சொன்னார்.

நான் டைப் செய்தேன். நான்கு வரி. சார் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார். வாசல்வரை போய் நான்தான் அதைத் தணிகாசலத்தின் கையில் கொடுத்தேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எல்லாம் எழுதிக்கீதாம்மா?" என்று கேட்டார்.

"எழுதியிருக்கு அண்ணா" என்றேன்.

நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடு எந்த நேரத்தில் ஞாபகம் வரும் என்று எனக்கே தெரியாது. வங்கியில் வரிசையில் நிற்கும்போது வரும். மகளுக்குத் தலை பின்னும்போது வரும். கை அப்படியே நின்றுவிடும். "வலிக்குதும்மா, முடியை விடு" என்பாள்.

பத்து நாள் தாங்கவில்லை. என் பெயரில், என் கையெழுத்தில், நடந்ததையெல்லாம் தமிழில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். கதவருகில் கவிதா உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. அப்போது அவள் எட்டாம் வகுப்பு. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு நான்கு வரி ஆங்கிலம் படிக்கத் தெரியாதா? அதை நான் யோசிக்கவே இல்லை.

"படிச்சுக் காட்டிட்டா" என்றாள் அஞ்சலை. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. "பெயின்ட்டு அடிச்சேன், பேஸ்ட்டு பண்ணேன்னு போட்டுக்கீதாம். பொய் இல்லியே. ரெண்டும் செஞ்சேன்."

நான் அழுதுகொண்டே என் தாளை நீட்டினேன். வாங்கினாள். படிக்கவில்லை, அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவே நேரமாகும். தடவிப் பார்த்துவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

"இத்த யார் கைல குடுக்கறது? நீயே அங்க ஒரு கூலி. உன் கையெய்த்துக்கு இன்னா மதிப்பு?" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. எனக்கு அடிபட்டுவிடக்கூடாதே என்பதுபோல் சொன்னாள். பிறகு, "கோட்டை போய்ச் சேந்துச்சா? அந்தப் பச்சைய ஏதாச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

"ரொம்ப நல்லாயிருக்குன்னு எழுதியிருக்காங்கக்கா."

இது உண்மை. அன்றைக்கு நான் அவளிடம் சொன்னதில் உருப்படியானது இது ஒன்றுதான்.

தணிகாசலம் என் தாளையும் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினாராம். அவர் படித்துப் பார்த்து, கம்பெனி முத்திரையோடு இருக்கும் கடிதம் வேறு மாதிரி சொல்கிறதே என்றாராம். மாசி மாதம் அஞ்சலை போய்விட்டாள். சாவுக்கு நாங்கள் எல்லோரும் போனோம். சாரும் மாலையோடு வந்தார். கவிதா அன்றும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

இதற்குப் பிறகு நான் வேலையை உதறிவிட்டு வந்தேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை. இன்னும் ஒன்பது மாதம் அங்கேதான் மெயில் எழுதினேன். கல்யாணம் நிச்சயமானதால்தான் நின்றேன். கடைசி நாளன்று சார் ஒரு சின்னப் பலகையைப் பரிசாகக் கொடுத்தார். பொட்டலத்தைப் பிரிக்காமலே பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கினேன். யாராவது குழந்தைக்குக் கிடைத்திருக்கும்.

சில வருடங்களுக்குப் பிறகு ஷெட்டை மூடிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். இப்போது குன்றையும் வீட்டையும் மெஷினே அச்சடித்துத் தள்ளுகிறதாம். சலிக்க வேண்டாம், குழைக்க வேண்டாம். முரளி சார் எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரியாது. போன தை மாதம் மாமல்லபுரத்தில் ஒரு கல்யாணம். திரும்பும்போது கணவரிடம் சொல்லி வண்டியை அந்த வழியில் விடச் சொன்னேன். சவுக்குத் தோப்பு இல்லை. ஷெட் இருந்த இடம் எதுவென்றே கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரே அளவில் கல் நட்டு, நடுவில் தார் ரோடு போட்டு, மனை மனையாகப் பிரித்து வைத்திருந்தார்கள்.

அஞ்சலையின் ஊருக்கும் போனேன். வீட்டை இடித்து யாரோ மாடி கட்டியிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண் துணி அலசிக்கொண்டிருந்தாள். தணிகாசலம் ஆட்டோவை விற்றுவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு எப்போதோ ஊரைவிட்டுப் போய்விட்டாராம். ஆந்திரா பக்கம் என்று சிலர், பெங்களூர் என்று சிலர்.

"நீ அவங்களுக்கு இன்னா வேணும்?" என்று கேட்டாள்.

"ஒண்ணா வேலை செஞ்சோம்" என்றேன்.

"அஞ்சலையா? அது செத்து ரொம்ப வருசமாச்சேம்மா. நெஞ்சு நோவு" என்று சொல்லிவிட்டுத் துணியைப் பிழிந்தாள். வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அவளுடைய படம் என்னிடம் ஒன்றுகூட இல்லை. இருமல் மட்டும் காதில் அப்படியே இருக்கிறது. எத்தனை முறை இருமி எந்த இடத்தில் நிறுத்தி மூச்சு இழுப்பாள் என்பதுவரை சொல்வேன். அதற்குமுன் இரண்டு வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து அவள் ஓயாமல் சிரித்தாள். அந்தச் சத்தம் எப்படியிருக்கும் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். வரவில்லை.